அமத்துங்க

1. ஸ்டுட்கார்ட்டின் வடக்கோரத்தில் உள்ள ஒரு சமையல்கூடத்தில், கலியாண வீடொன்றுக்கான ரொட்டி மாவு பழைய பிசையும் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.
2. கூடத்தை நடத்திய அண்ணன் தம்பி இருவரும் அன்று காலை சண்டை போட்டிருந்தார்கள்.
3. நடையில் இருந்த பழைய மின்போர்டில், அந்த இயந்திரத்துக்கான மூன்று ஃபியூஸ்களில் ஒன்று போயிற்று.
4. இயந்திரம் முனகிக்கொண்டு நின்றது. தம்பி அதை நிறுத்திவிட்டு வலது கையை முழங்கை வரை மாவுக்குள் விட்டார்.
5. போர்டின் முன்னால் நின்ற நான் ஒரு சொல்லைக் கத்தினேன்.
6. அண்ணன் தன் காதில் விழுந்தபடி செய்தார். இயந்திரம் தம்பியின் கையைப் பிடித்தது.
7. நான் அதே சொல்லை இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவர் அதையே இன்னும் பலமாகச் செய்தார்.
8. நான் மெயின் சுவிட்சை இழுத்தேன். அது வெடித்தது.

நான் மின்நிறுவல்களைச் சோதிக்கிறவள். தேனியிலிருந்து வந்து டார்ம்ஸ்டாட்டில் படித்துவிட்டு ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய ஆலைகள் எங்களிடம் வருவதில்லை. முடி வெட்டும் கடை, சைக்கிள் பட்டறை, சலவைக் கூடம், சமையல்கூடம் போன்ற இடங்களுக்குத்தான் போவோம். கட்டடத்தின் காப்பீட்டுக்காரர்கள் மின்போர்டு பழையதாயிற்றே என்று கேட்கத் தொடங்கினால், என்னைப் போல ஒருத்தியை அனுப்புவார்கள்.

பழைய த்ரீ ஃபேஸ் போர்டு பார்ப்பதற்கு மிகவும் சாதுவான பொருள். சாம்பல் வண்ணம் பூசிய வார்ப்பிரும்புப் பெட்டிகளை ஒன்றோடொன்று முடுக்கி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு கனத்த இரும்புக் கைப்பிடி இருக்கும், அதுதான் மெயின். கீழே வரிசையாகப் பீங்கான் ஃபியூஸ்கள், ஊறுகாய் பாட்டில் மூடியைப் போலத் திருகிக் கழற்றலாம். ஒவ்வொரு மூடியிலும் சிறிய கண்ணாடி, அதற்குள் ஒரு வண்ணப் பொட்டு. ஃபியூஸ் போனால் பொட்டு விழுந்துவிடும். பார்த்தவுடன் தெரியும்.

ஆனால் பார்க்க வேண்டும். யாரும் பார்ப்பதில்லை. இந்தப் போர்டுகளின் ஆபத்து அங்கேதான். மோட்டாருக்கு மூன்று ஃபேஸ், மூன்று தனித்தனி ஃபியூஸ். ஒன்று போனால் மற்ற இரண்டுக்கும் அது தெரியாது. புதிய போர்டில் ஒன்று போனால் மூன்றையும் சேர்த்து அறுத்துவிடும் கருவி இருக்கும். பழையதில் மோட்டார் இரண்டு ஃபேஸோடு நின்று உறுமும். தானாகச் சுற்றத் தொடங்காது. யாராவது கையால் ஒரு தள்ளுக் கொடுத்தால் போதும், தள்ளிய பக்கமே ஓடத் தொடங்கிவிடும். வழக்கமாக எந்தப் பக்கம் சுற்றும் என்பது அதற்கு அப்போது நினைவில் இருக்காது.

அந்த இடம் முன்பு ஒரு ஜெர்மன்காரரின் பேக்கரி. அவர் ஓய்வு பெற்றபோது அடுப்பையும் பிசையும் இயந்திரத்தையும் போர்டையும் அப்படியே விட்டுப்போனார். யாழ்ப்பாணத்துக்காரர்களான இரண்டு சகோதரர்கள் அதை எடுத்து, கலியாணங்களுக்கும் சாமத்தியம் எனும் மஞ்சள் நீராட்டுச் சடங்குகளுக்கும் சாப்பாடு செய்து கொடுத்தார்கள். மூத்தவர் வண்டி ஓட்டுவது, கணக்குப் பார்ப்பது, ஆட்களோடு பேசுவது. இளையவர் சமையல். அவருடைய ரொட்டிக்காக கொலோனிலிருந்து கூட ஆட்கள் கேட்டு வருவார்கள் என்று அவருடைய மனைவி எனக்குச் சொன்னார். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். வீச்சு ரொட்டியைக் காற்றில் விசிறி மெல்லிய துணிபோல ஆக்குவது இளையவரின் வலது கை. அந்தக் கூடம் ஓடியது அந்தக் கையால்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், சண்டை போடும்போதும்.

நான் போன அன்று காலை அவர்கள் போட்ட சண்டை அதைப் பற்றியதுதான். இளையவர் கொலோனுக்குப் போய்த் தனியாகக் கடை போடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

"போ. போய்ப் பார்," என்றார் மூத்தவர். "போனியெண்டா கையை முறிச்சுப் போடுவன்."

"முறி, பாப்பம். பிறகு ஆர் இஞ்சை ரொட்டி போடுறது? நீயோ? நீ போட்டா அதைச் செருப்புக்குத்தான் அடியிலை ஒட்டலாம்."

"மூதேசி. உனக்கு இந்த நாட்டிலை விசா எடுத்துத் தந்தது ஆர்?"

"அதை இன்னும் எத்தினை வருசத்துக்குச் சொல்லுவாய்?"

அக்கா கரண்டியால் மேசையில் ஓங்கித் தட்டினார். "இரண்டு பேரும் வாயைப் பொத்துங்கோ. வெளியாள் நிக்குது."

வெளியாள் நான். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மூத்தவர் என்னை நடைக்குக் கூட்டிப்போய்ப் போர்டைக் காட்டினார். நான் மூடியைக் கழற்றியதும் உள்ளே எட்டிப் பார்த்து, "சிவப்பெண்டா லைன்தானே பிள்ளை? நானும் ஊரிலை வயறிங் செய்தனான்," என்றார்.

"இல்லண்ணே. இங்க பழைய போர்டுல சிவப்புதான் எர்த். கறுப்புதான் லைன்."

"கறுப்பு எங்களுக்கு நியூட்ரல்."

"எங்களுக்கும்தான். இங்க தொட்டா போய்ச் சேந்துருவோம்."

"பேயன்கள்," என்றார் அவர், ஒரு தேசம் முழுவதையும் சேர்த்து. பிறகு, "நடையிலை லைற்றை நூருங்கோ, சும்மா எரியுது," என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே போய் அணைத்துவிட்டு வந்தார். "என்ன பிள்ளை, தமிழ் தெரியாதோ? உங்கடை ஆக்களுக்குச் சினிமாத் தமிழ் மட்டுந்தான்."

"உங்க தமிழுக்கு டிக்சனரி வேணும்ணே."

அன்று இருவரும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு முக்கால்வாசி புரிகிறது என்று நினைத்தோம். முக்கால்வாசி போதும் என்றும் நினைத்தோம்.

மாவு முடிந்ததும் மின்சாரத்தை முழுதாக நிறுத்தி அளவெடுப்பது என்று பேசியிருந்தோம். அதுவரை போர்டைக் கண்ணால் பார்த்து வைக்கலாம் என்று நின்றேன். நான் நின்ற இடத்திலிருந்து திறந்த கதவு வழியாகச் சமையலறை தெரிந்தது. நடுவில் ஒரு தூண், தூணில் இயந்திரத்தின் பொத்தான் பெட்டி. இரண்டு பொத்தான்கள், இரண்டும் கறுப்பு. எழுத்துகள் மாவிலும் எண்ணெயிலும் தேய்ந்து போயிருந்தன. மேலே ஓட்டுவது, கீழே நிறுத்துவது. அதற்குப் பின்னால் பெரிய இரும்புத் தொட்டியும் வளைந்த கொக்கியும். பக்கத்தில் பெல்ட் ஓடும் சக்கரம். அதன் மேல் இருக்க வேண்டிய மூடி என்றோ காணாமற் போயிருந்தது. கொக்கி மாவில் சிக்கினால் இளையவர் அந்தச் சக்கரத்தை இடது கையால் பின்னுக்குத் திருப்பி, வலது கையால் மாவைத் தளர்த்திவிடுவார். நான் வந்த பிறகே ஒரு தடவை அப்படிச் செய்தார். கூடாது என்றேன். "வழமையா செய்யிறதுதான்," என்றார்.

புகையை இழுக்கும் விசிறி தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில்தான் பீங்கான் மூடிக்குள் ஒரு சிறிய சத்தம் கேட்டது, விரல் சொடுக்கியது போல. பார்த்தேன். நடு ஃபியூஸின் பொட்டு விழுந்திருந்தது. திரும்பினேன். இளையவரின் வலது கை தொட்டிக்குள் இருந்தது. இடது கை சக்கரத்தில். மோட்டார் நின்றுவிட்டதா, உறுமிக்கொண்டு நிற்கிறதா என்று விசிறியின் இரைச்சலில் எனக்குத் தெரியவில்லை. இளையவர் அதை நிறுத்தியிருந்தது பிறகுதான் தெரிந்தது. மூத்தவர் தூணின் அருகே, தொட்டிக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து நின்றார்.

"அண்ணே, மிஷின அமத்துங்க!" என்று கத்தினேன்.

தேனிப் பக்கம் நாங்கள் அடுப்பை அமத்துவோம். விளக்கை அமத்துவோம். மோட்டாரை, விசிறியை, டிவியை, எரிவதையும் ஓடுவதையும் எல்லாம் அமத்துவோம். வேறு சொல்லை யோசித்துப் பேச நேரமிருந்தால் 'ஆஃப் பண்ணுங்க' என்றிருப்பேன். நேரம் இல்லாதபோது வாயில் வருவது வீட்டுச் சொல்தான்.

யாழ்ப்பாணத்தில் அமத்துவது என்றால் அழுத்துவது. பொத்தானை அமத்துவார்கள், மணியை அமத்துவார்கள்.

மூத்தவர் தலையாட்டிவிட்டுக் கட்டைவிரலால் மேல் பொத்தானை அழுத்தினார்.

மோட்டார் இரண்டு ஃபேஸில் தானாகச் சுற்றியிருக்காது. உறுமி நின்றிருக்கும். ஆனால் அந்தக் கணத்தில் இளையவர் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். மோட்டார் அந்தத் தள்ளை வாங்கிக்கொண்டது. கொக்கி வழக்கத்துக்கு எதிராக, அவரை நோக்கித் திரும்பி வந்து, அவருடைய முன்கையைத் தொட்டியின் சுவரோடு வைத்து அரைத்தது.

அவர் கத்தியது முதலில் சொல்லாக இல்லை. மூத்தவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார். அவருடைய கட்டைவிரல் அந்தப் பொத்தானிலேயே இருந்தது.

"அமத்துங்கண்ணே! அமத்துங்க! அமத்துங்க!"

நான் கத்தக் கத்த அவர் அழுத்தினார். கட்டைவிரலின் மேல் மற்றக் கையையும் வைத்து, தோளைக் கொடுத்து, உடம்பையே சாய்த்து அழுத்தினார். அவருடைய முகம் முழுவதும் வியர்த்து, வாய் கோணி, தன் தம்பியைக் காப்பாற்றுகிற மனிதனின் முகமாக இருந்தது. தொட்டிக்குள் எலும்பு முறிவது எனக்குக் கேட்டது. விசிறியையும் மீறிக் கேட்டது. மாவு சிவந்தது. கொக்கி இன்னொரு முறை சுற்றி வந்தது.

எனக்கும் தூணுக்கும் நடுவே ரொட்டித் தட்டுகள் அடுக்கிய வண்டிகள் நின்றன. மெயின் கைப்பிடி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பாதி வந்து சிக்கிக்கொண்டது. காலைச் சுவரில் ஊன்றி, உடம்பைப் பின்னால் எறிந்தேன்.

மோட்டார் ஓடும்போதே இழுத்துப் பிரிக்கக்கூடிய நிலையில் அந்தப் பழைய மெயின் சுவிட்ச் இல்லை. உள்ளே மின்சாரத்தை இணைக்கும் செம்புக் கத்திகள் தேய்ந்து, கரி படிந்து, அதன் மேல் மாவுத்தூசி படிந்திருந்தது. கத்தி பிரிந்த இடத்தில் நெருப்பு நின்றது. அது ஒரு ஃபேஸிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. பிறகு எல்லாம் வெள்ளை. சத்தத்தை நான் கேட்கவில்லை, மார்பில் வாங்கினேன். மூடி கழன்ற பெட்டியின் வாயிலிருந்து உருகிய செம்பும் பீங்கான் துண்டுகளும் நடை முழுக்கப் பறந்தன. என்னைத் தூக்கி எதிர்ச் சுவரில் அடித்தது. வலது முன்கையில் சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டது. பாதுகாப்புக் கண்ணாடி உருகி வளைந்தது. புருவம் இல்லை. இவற்றை எல்லாம் பிறகுதான் பார்த்தேன்.

விளக்குகள் போயின. விசிறி நின்றது. அந்த அமைதியில் இளையவரின் குரல் மட்டும் இருந்தது.

மூத்தவர் அப்போதுதான் பொத்தானை விட்டார். ஓடிப்போய்த் தம்பியின் தோளைக் கட்டிப்பிடித்து இழுக்கத் தொடங்கினார். இளையவர் தலையால் அவருடைய முகத்தில் இடித்தார். "இழுக்காதை! இழுக்காதை நாயே!"

"சக்கரத்தத் திருப்புங்க," என்றேன். என் குரல் எனக்கே தொலைவில் கேட்டது. மூத்தவர் திருப்பினார். தவறான பக்கம்.

"மற்றப் பக்கம்! மற்றப் பக்கம்! ஐயோ அம்மா, மற்றப் பக்கம்!"

அக்கா கத்தியோடு வந்தார். இறைச்சி வெட்டும் பெரிய கத்தி. ஒரு கணம் அவர் எதை வெட்டப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மாவை வெட்டினார். பாளம் பாளமாக வெட்டித் தரையில் எறிந்தார். நான் இடது கையால் சக்கரத்தைச் சரியான பக்கம் திருப்பினேன். கை வெளியே வந்தபோது அது மாவும் இரத்தமுமாக ஒரே உருண்டையாக இருந்தது. அதற்குள் விரல்கள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை. அக்கா தன் மேற்சட்டையைக் கழற்றி அதைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். அழவில்லை. "முழிச்சுக்கொண்டிருங்கோ, என்னைப் பாருங்கோ," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. முற்றத்தில் ஸ்ட்ரெச்சரில் வைத்து ஏற்றும்போது இளையவர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்தார்.

"நீ அமத்தினனீ! நான் கண்டனான்! திரும்பிப் பாத்திட்டு, பிறகும் அமத்தினனீ!"

"அவ அமத்தச் சொன்னவடா!" மூத்தவரின் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. என்னைக் காட்டினார். "அவதான் அமத்து அமத்து எண்டு கத்தினவ!"

அக்கா என் முன்னால் வந்து நின்றார். "நீ அமத்தச் சொன்னனியோ?"

"ஆமாக்கா. நான் அமத்தத்தானே சொன்னேன்."

அறை என் கன்னத்தில் விழுந்தது. அடுத்தது காதில். மூன்றாவதற்கு அவர் என் சட்டையின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். எரிந்த கை சுவரில் உரசியபோது நான் முதல் முறையாக வலியில் கத்தினேன். ஏன் அடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அமத்தச் சொன்னது சரியான காரியம். மூத்தவர் அதைச் செய்யவில்லை. அதற்காக என்னை ஏன்? ஆம்புலன்ஸ் பணியாள் ஒருவர் அவரைப் பிடித்து விலக்கினார். அக்கா அவருடைய கையைக் கடித்தார்.

இளையவர் வண்டிக்குள்ளிருந்து, வந்து சேர்ந்த காவலர்களிடம் ஜெர்மனில் தெளிவாகச் சொன்னார். தன் அண்ணன் காலையில் கையை முறிப்பேன் என்றான், இப்போது முறித்துவிட்டான்.

அது வெறும் பேச்சு, எங்கள் ஊரிலும் பெற்றவர்கள் பிள்ளைகளைக் கொஞ்சுகிற நேரத்தில்கூடக் கையைக் காலை முறிப்பதாகச் சொல்வார்கள் என்று நான் காவலருக்கு விளக்கினேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுதத் தொடங்கியபோது என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. மூத்தவரைக் கூட்டிப்போய் மாலை வரை வைத்திருந்தார்கள்.

நான் தீக்காயப் பிரிவில் இருந்தேன். இளையவர் அதே மருத்துவமனையில் இரண்டு மாடி மேலே. முதல் அறுவையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. மற்ற மூன்றையும் காப்பாற்ற முடியுமா என்று சொல்ல ஏலாது என்றார்களாம். தாதி ஒருவர் எனக்குச் சொன்னார். மேலே போய் அவரைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை, அக்கா மறுத்துவிட்டார்.

விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி மூத்தவரையும் என்னையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். மூத்தவருக்காக ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார், யாழ்ப்பாணத்துப் பெண்மணி, மடிப்புக் கலையாத கோட்டு. மூத்தவர் தமிழில் சொல்லச் சொல்ல அவர் ஜெர்மனில் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஃபியூஸைச் சரிசெய்துவிட்டு இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்வதாக மூத்தவர் நினைத்தார். பொறியாளர், அதாவது நான், 'அழுத்து' என்று உத்தரவிட்டார். அவர் அழுத்தினார். விபரீதம் நடந்தபோதும் பொறியாளர் 'அழுத்து, அழுத்து' என்றே கத்தினார். அழுத்திப் பிடித்தால்தான் விடுபடும் ஏதோ பொறி அதில் இருக்கிறதாக்கும் என்று அவர் நம்பினார்.

"நான் அழுத்தச் சொல்லவே இல்லை," என்றேன் ஜெர்மனில். "நிறுத்தச் சொன்னேன்."

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அமத்து எண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னேன்."

"அமத்திறதெண்டா அழுத்திறதுதானே?"

"எங்க ஊர்ல நிறுத்துறதுங்க. அடுப்ப அமத்துறது, லைட்ட அமத்துறது."

"அதை நாங்கள் நூர்க்கிறதெண்டு சொல்லுவம். மெசினெண்டா நிப்பாட்டிறது."

அறையில் அதிகாரிக்கு மட்டும் எதுவும் விளங்கவில்லை. மூத்தவருக்கு விளங்கிவிட்டது. அவர் எழுந்தார். நாற்காலி விழுந்தது. சுவர்ப் பக்கம் போய் நெற்றியை அதில் ஓங்கி இடித்தார். ஒரு முறை இல்லை. அதிகாரியும் நானும் இழுத்துப் பிடிப்பதற்குள் சுவரில் கறை விழுந்துவிட்டது.

"கீழை மற்றப் பட்டன் இருந்தது," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "அரை சாண் கீழை. கீழை இருந்தது."

சில நாளில் இணைப்பு அறுக்கப்பட்ட போர்டைப் படமெடுக்க நிறுவனம் என்னை அனுப்பியது. கட்டுப் போட்ட கையோடு போனேன். சமையலறையிலிருந்து இரும்பு இரும்பில் மோதும் சத்தம் கேட்டது. மூத்தவர் சம்மட்டியோடு நின்றார். தூணில் பொத்தான் பெட்டி இருந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டு, என்னைக் கடந்து நடைக்குப் போய், போர்டை அடிக்கத் தொடங்கினார். பீங்கான் சிதறியது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். துண்டு துண்டாக உடைந்து விழுந்தது.

"அண்ணே, விடுங்க. பின்னாடி பலகையில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு. தூசிய மூச்சுல இழுத்தா நுரையீரலுக்குக் கெடுதி."

"கெடட்டும்!"

"எனக்கும் கெடும்ணே."

அடுத்த அடி பாதி வழியில் நின்றது. சம்மட்டியைக் கீழே போட்டார். "அப்ப வெளியிலை வா," என்றார். வெளியே வந்ததும் என்னைக் கேட்டார், "நீ வந்து அவனுக்குச் சொல்லுவியோ? நான் சொன்னா நம்பமாட்டான். என்ரை முகத்தைப் பாத்தாலே கத்திறான்."

போனோம். அறைக்குள் மூத்தவரின் தலை தெரிந்தவுடன் இளையவர் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் போத்தலை இடது கையால் எறிந்தார். கண்ணாடிப் போத்தல். அது மூத்தவரின் பழைய நெற்றிக் காயத்தில் பட்டுக் கதவில் நொறுங்கியது. மூத்தவர் ஒதுங்கவில்லை, துடைக்கவும் இல்லை. அக்கா என்னை நோக்கி எழுந்தார்.

எனக்கு விளக்கிப் பேச வரவில்லை. கட்டிலின் மேல் படிக்கிற விளக்கு இருந்தது. பகல், அதனால் அது எரியவில்லை.

"அக்கா, அடிக்கிறதுக்கு முந்தி ஒண்ணு செய்யுங்க. அந்த விளக்க அமத்துங்க."

"என்ன?"

"விளக்க அமத்துங்க."

என்னை முறைத்துக்கொண்டே போய்ப் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது.

"எங்க ஊர்ல நான் இப்படிச் சொன்னா, அது ஏற்கெனவே அமந்துதானே இருக்குன்னு கேப்பாங்க," என்றேன். "எங்களுக்கு அமத்துறதுன்னா அணைக்கிறது."

அக்கா விளக்கைப் பார்த்தார். பொத்தானிலிருந்து கையை எடுத்தார். இளையவர்தான் முதலில் கேட்டார்.

"அப்ப நிப்பாட்டவே சொன்னனீங்கள்?"

"ஆமாண்ணே."

"உவன் அதை அமத்தவெண்டு விளங்கினவனோ?"

"ஓம்," என்றார் மூத்தவர் கதவருகிலிருந்து.

இளையவர் கண்ணை மூடினார். முகம் இறுகி இறுகிக் கறுத்தது. பிறகு இடது முட்டியால் கட்டிலின் இரும்புச் சட்டத்தைக் குத்தத் தொடங்கினார், ஊசி ஏறிக்கொண்டிருந்த கையால். குழாய் கழன்று மருந்தும் இரத்தமும் விரிப்பில் தெறித்தன. "அப்ப நான் ஆரோடை கோவிக்கிறது?" என்று கத்தினார். "சொல்லுங்கோ! ஆரோடை கோவிக்கிறது?"

அக்கா அவருடைய கையைப் பிடிக்கப் போராடினார். மூத்தவர் கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டு போய் அந்த முட்டிக்கு முன்னால் தன் தோளைக் கொடுத்தார். சட்டத்தில் விழுந்த குத்துகள் அவர் மேல் விழுந்தன.

"என்னோடை கோவி," என்றார். "வழமையா என்னோடைதானே."

தாதிகள் வந்து எங்கள் எல்லோரையும் வெளியே தள்ளினார்கள்.

இப்போதைய நிலைமை இது. மூத்தவர் மேல் இருந்த குற்றச்சாட்டை இளையவர் திரும்பப் பெற்றார், விசாரணை முடித்து வைக்கப்பட்டது. சமையல்கூடம் மூடிக் கிடக்கிறது. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் புதிய போர்டு போட்டிருக்கிறார், அதைச் சோதித்தது எங்கள் நிறுவனத்தின் வேறொருவர். என் முன்கைத் தோல் ஒட்டிக்கொண்டது, வேலைக்குப் போகிறேன். இளையவர் கொலோனுக்குப் போகவில்லை. கைப் பயிற்சிக்கு அவரை மூத்தவர்தான் வண்டியில் கூட்டிப்போகிறார், போகும்போதும் வரும்போதும் சண்டை என்று அக்கா சொன்னார். அக்கா என்னிடம் பேசுகிறார், அடித்ததைப் பற்றிப் பேசுவதில்லை. இளையவரின் வலது கையில் மூன்று விரல்கள் இருக்கின்றன. சுட்டுவிரலும் நடுவிரலும் கொஞ்சம் மடங்குகின்றன. கட்டைவிரலுக்கு இன்னோர் அறுவை இருக்கிறது. அதற்குப் பிறகும் ரொட்டி வீச ஏலாது என்று மருத்துவர்கள் அவரிடம் சொல்லிவிட்டார்கள்.